முதல் குலை வெட்டிய கை

1

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு நான் பெற்றவை. ஏழாவது வசந்தி, என் தங்கை பெற்றுவிட்டுக் கண்ணை மூட, தொப்புள் காயாத பச்சை மண்ணாய் என் கைக்கு வந்தவள். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வைத்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஏழு என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்த தம்பி என் பக்கம் குனிந்து, "அம்மா, பெத்ததை மட்டும் சொல்லுங்கோ. இல்லாட்டிக் கணக்குப் பிழைக்கும்" என்றார்.

"பெத்த நோ ஒரு நாளோட போச்சுது தம்பி. வளர்த்த நோவை எந்தப் பெட்டிக்குள்ள எழுதுவினம்?" என்று கேட்டேன்.

அவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஏழு என்றே எழுதினாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மூத்த மகன் சிவத்தின் மகள் துளசி. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்து ஏறுவேன், அவ்வளவுதான். துளசி ஊரில் நாலு எழுத்துப் படித்துவிட்டு வந்தவள். நான் 'வந்தவை' என்று சொன்னால் அவள் 'வந்தார்கள்' என்று எழுதுகிறாள். அப்படி எழுதினால்தான் ஊரில் வாசிக்கிறவர்கள் மதிப்பார்களாம். மதிக்கட்டும். ஆனால் ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது என்று கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். வாய் அவரவருடையது.

தாளின் தலையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறாள். பிள்ளையார் சுழிக்கு. "நீங்கள் போடுங்கோ அப்பம்மா" என்று பேனையை நீட்டினாள். "அது கிடக்கட்டும். நீ முதல் எழுது" என்று சொன்னேன்.

எழுத வந்த காரணம் இதுதான். கொழும்பிலிருந்து வந்த எங்கள் சொந்தக்காரி ஒருத்தி என் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "மாமி, உங்கட வசந்தி லண்டனில சாராயம் காய்ச்சுறாவாம் எண்டு ஊரில ஒரே கதை" என்றாள்.

காய்ச்சவில்லை. சாராயமும் இல்லை. லண்டனும் இல்லை, அது கென்ற் என்கிற பக்கத்து மாகாணம். மூன்றும் பிழை. கதை கடல் தாண்டும்போது இப்படித்தான் நனைந்து உருக்குலைந்து போகிறது. ஆகவே, அது என்ன, எப்படி வந்தது, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆறுதலாகத்தான் சொல்வேன். அவசரமுள்ளவர்கள் கடைசித் தாளைப் பார்க்கலாம்.

2

வசந்தி எழுபதுகளில் தாதிப் படிப்புக்கு என்று இங்கே வந்தவள். எங்கள் ஆட்கள் அந்தரப்பட்டு ஓடிவந்த காலத்துக்கு முந்தியே வந்துவிட்டாள். வந்த இடத்தில் மார்ட்டின் என்கிற பிள்ளையைக் கட்டினாள். வெள்ளைக்காரப் பிள்ளை. ஊரில் ஒரு கிழமை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மை. என்னுடைய அவர்தான் எட்டாம் நாள் எழும்பி, "பிள்ளை சந்தோசமாய் இருக்கிறாளோ எண்டு ஆராவது கேட்டனீங்களோ?" என்றார். அதோடு சரி. அடுப்பு மூட்டினேன்.

மார்ட்டினின் தகப்பனுக்குக் கென்றில் ஒரு தோட்டம். ஆப்பிள் மரங்கள். தகப்பன் போனபிறகு மரங்களும் கிழடு தட்டிவிட்டன. அவற்றைப் பிடுங்கிவிட்டு முந்திரிகை நடப்போகிறோம் என்று வசந்தி ஒரு நாள் வந்து சொன்னாள். வெளியூரில் வாசிக்கிறவர்களுக்காகத் துளசி சொல்லச் சொல்கிறாள்: நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை, மற்றதை மரமுந்திரிகை என்போம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் எங்களுக்கு முந்திரிகைப் பந்தல் இருந்தது. கிணற்றடியிலிருந்து வேலிவரை, தலைக்கு மேல் பச்சைக் கூரை போல. வெயில் உடம்பைப் பிளக்கிற இடம். "இந்தக் குளிருக்குள்ள முந்திரிகையோ? பனிக்கட்டி காய்க்கும்" என்றேன்.

"குளிர்தான் அம்மா வேணும். குளிரில பழம் ஆறுதலாப் பழுக்கும். புளிப்புப் போகாது. புளிப்பு இருந்தாத்தான் நுரைக்கிற வைன் நல்லா வரும்" என்றாள்.

நுரைக்கிற வைன் என்றால் கலியாண வீடுகளில் வெடித்துத் திறப்பார்களே, அது. அந்தப் பெரிய பெயரைப் பிரான்சுக்காரரைத் தவிர வேறொருவரும் போத்தலில் ஒட்டக்கூடாதாம். பேருக்கும் காவல் போட்டு வைத்திருக்கிற ஆட்கள். இவள் நடப்போவது கறுத்த முந்திரிகை. அதிலிருந்து வெள்ளை வைன் எடுப்பாளாம். "கறுத்த பழத்தில வெள்ளைச் சாறோ? ஆருக்குக் காது குத்துறாய்?" என்று கேட்டேன். "நீங்கள் வந்து பாருங்கோவன்" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்து, "முதல் கொடியை நீங்கள்தான் வைக்கவேணும் அம்மா" என்றாள்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். என்னுடைய அவர் போனது எண்பத்தொன்றில், அந்தப் பந்தலுக்குக் கீழேயே. மருந்து அடித்துக்கொண்டு நின்றவர் தண்ணி கேட்டார். நான் செம்பைக் கொண்டுபோக முதல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியத்திலும் நான் முன்னுக்கு நின்றதில்லை. தள்ளி நில் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல விடவில்லை என்பதுதான் சரி. அவர்கள் வாய் திறக்க முதல் நானே தள்ளி நின்றுவிடுவேன். அது என் மானம். சிவம் லண்டனில் டூட்டிங் என்கிற பக்கத்தில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது நான் வெளியே நடைபாதையில், கையில் என் உடுப்புப் பையோடு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றேன். பால் பொங்கின சத்தம் கேட்டபிறகுதான் படியேறினேன். நான் இருக்கப்போகிற வீடு அது. மருமகள் கண் கலங்கினாள். நான் கலங்கவில்லை.

ஆகையால் வசந்திக்கு ஒரே சொல்லில் சொன்னேன். "ஏலாது."

"ஏன் ஏலாது?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ."

மனோன்மணியைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னேன்.

3

மனோன்மணி எங்கள் தெருவின் அந்தத் தொங்கலில், கடைசி வீட்டில் இருப்பவள். என்னை விடப் பன்னிரண்டு வயது இளமை. புருசன் கனகசபை இருக்கிறார், நாலு பிள்ளைகளும் நல்லாய் இருக்கிறார்கள், நெற்றியில் ஒரு சதக் குற்றிக்காசளவு குங்குமம். டூட்டிங்கில் ஆர் கடை திறந்தாலும், ஆர் கார் வாங்கினாலும், முதல் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைக்கிறது அவளின் கைதான். கைராசிக்காரி. வாயும் அப்படியே.

எண்பத்தெட்டில், ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை. வாடகை வானில் எல்லாரும் போனோம். மனோன்மணி நிறைகுடத்துக்குச் செம்பு, மஞ்சள், குங்குமம், தேங்காய், கற்பூரம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தாள். மாவிலை கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். "பிள்ளையாருக்குக் கண் தெரியும், ஆனால் குறை பிடிக்கமாட்டார்" என்றாள்.

வானுக்குள்ளே சண்டை தொடங்கிவிட்டது. ராகுகாலம் எப்போது முடிகிறது என்பதுதான் சண்டை. கனகசபை யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"இலங்கை நேரத்துக்குப் பார்த்தால் அது விடியப்புறமே முடிஞ்சுது" என்றார்.

"ஏனப்பா, இஞ்ச சூரியன் இலங்கைக்கோ உதிக்குது?" என்றாள் மனோன்மணி.

"அப்ப இஞ்சத்தை நேரத்துக்குப் பத்தரை."

சிவம் வானை ஓட்டிக்கொண்டே, "மாமா, போன கிழமைதானே மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை" என்றான்.

கனகசபை பஞ்சாங்கத்தை மூடினார். கடைசியில் மனோன்மணி, "தள்ளினது சரி, ராகுவுக்கு அறிவிச்சவையோ?" என்று கேட்டாள். அறிவித்திருக்க மாட்டார்கள் என்று முடிவாகி, பதினொன்றரை மட்டும் வானுக்குள்ளேயே இருந்து ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிட்டோம். மார்ட்டின் குடையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் வெளியே நின்றான். கேட்டால், இது உங்கள் முறை, நான் காத்திருக்கிறேன் என்கிறான். நல்ல பிள்ளை. என்னை மாமி என்றுதான் கூப்பிடுவான்.

அங்கே பந்தல் ஒன்றும் இல்லை. வரிசை வரிசையாய்க் கட்டை நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். கொடி தலைக்கு மேலே படராதாம், இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நிற்குமாம். மண்ணைக் கிண்டினால் அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கல். அதைப் பார்த்தபோது கொஞ்சம் மனம் இறங்கியது. எங்கள் கிணறு வெட்டும்போது வந்த கல்லும் அந்த நிறம்தான்.

நான் வானைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியில் பனிப்புகார் படியப் படியச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கற்பூரம் காற்றுக்குப் பற்றவில்லை. தேங்காய் உடைக்கக் கல் தேடிச் சரிவராமல், உழவு மெஷினின் இரும்புக் கொக்கியில் அடித்தாள் மனோன்மணி. சரிபாதியாய்ப் பிளந்தது. தலையில் மெழுகு தோய்த்த ஒரு குச்சி, அதுதான் முந்திரிகைக் கன்று. அதை அவள் நட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

வசந்தி மட்டும் வான் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"இறங்குங்கோ அம்மா."

"குளிர் பிள்ளை."

"குளிரோ?"

"ஓம். குளிர்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. சின்ன வயதில் அவளுக்கு ஒரு பழக்கம்: கோபம் வந்தால் அழமாட்டாள், கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். முப்பத்தாறு வயதுக்காரி மழைக்குள் நின்று உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

4

முதல் மாரியில், குளிர் காலத்தில், அங்கே போனேன். ஒரு கொடியிலும் ஒரு இலை இல்லை. கறுத்த ஈர்க்கு மாதிரி நின்றன. "மார்ட்டின், எல்லாம் செத்துப்போச்சு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவன் ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினான். உள்ளே பச்சை. பிறகு இரண்டு கையையும் கன்னத்துக்கு அணைவைத்துத் தலையைச் சரித்துக் காட்டினான். நித்திரையாம்.

எங்கள் கொடிகளுக்கு நித்திரை என்பதே இல்லை. தண்ணியை நிற்பாட்டி, இலையைக் கழித்து, கொப்பை வெட்டி, நாங்கள்தான் அவற்றைத் தட்டி எழுப்பிக் காய்க்க வைப்போம். வருடத்தில் இரண்டு தரம், மூன்று தரம்கூட. இவை அரை வருடம் படுத்துக் கிடந்துவிட்டு ஒரு தரம் எழும்பிக் காய்க்கும். எனக்கு அதுகளில் கொஞ்சம் பொறாமைதான்.

வைன் செய்கிற கொட்டிலைப் பார்க்கச் சுங்கக் கந்தோர் ஆள் ஒருவர் வந்தார். அரசாங்க உத்தரவு இல்லாமல் அங்கே ஒரு தொட்டியும் வைக்க ஏலாது. அவர் அளந்தார், எழுதினார், மீண்டும் அளந்தார். நான் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, "யூ மேரிட்?" என்று கேட்டேன். இல்லை என்றார். "ஐயாம் சொறி" என்றேன். வசந்தி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். அவர் இரண்டாவது வடையையும் எடுத்தார்.

மூன்றாம் வருடம் காய்ப்பு வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மே மாதம், மொட்டு விரிந்து பிஞ்சு இலை வந்த நேரத்தில், காலமை ரெலிபோன் அடித்தது. வசந்தி. "அம்மா" என்றாள். மார்ட்டின் வாங்கிப் பேசினான். இரவு பனி உறைந்து, ஒரு மொட்டு மிச்சமில்லை. எல்லாம் தேயிலைத் தூள் மாதிரிக் கருகிவிட்டன. கொடி சாகாது, ஆனால் இந்த வருடம் பழமில்லை. கடன் எடுத்து நட்ட தோட்டம். வசந்தி தாதி வேலையையும் விட்டுவிட்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு வசந்தியை டூட்டிங்குக்குக் கூப்பிட்டுச் சமைத்துக் கொடுத்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தபோது மனோன்மணி வந்தாள். செருப்பைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாள். நெற்றிக் குங்குமம் கூட அன்றைக்குச் சின்னதாய் இருந்தது.

"இனி என்னை ஒண்டுக்கும் கூப்பிடாதேங்கோ அக்கா" என்றாள்.

"ஏனடி?"

"என்ர கையால வைச்சதுதானே. ஊரெல்லாம் கைராசி கைராசி எண்டு சொல்லிச் சொல்லி, இப்ப இந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையிலயே மண்ணைப் போட்டிட்டன். மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை."

எனக்கு வந்ததே கோபம். "உனக்கென்ன விசரோ? இரா முழுக்கப் பனி கொட்டினதுக்கு உன்ர கை என்னடி செய்யும்? நீயோ பனியைக் கொண்டுபோய்ப் போட்டனீ? பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் கருகினது. அதையும் நீயோ நட்டாய்? நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் கையில பழி போடுற மூளை கெட்ட சனம்! வா, வந்து இரு. சாப்பிடு."

மனோன்மணி வந்து இருந்தாள். நான் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டேன். அப்போது வசந்தி தலையை நிமிர்த்தாமல், மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்ப அப்பா போனதுக்கு உங்கட கை என்ன செய்தது அம்மா?"

என் கையில் அகப்பை அப்படியே நின்றது. மனோன்மணி என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்தாள். அகப்பையைக் கழுவினேன். கழுவின அகப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

5

அடுத்த வருடம் பனி பொறுத்தது. ஒக்ரோபரில் பழம் வெட்ட வாருங்கள் என்று அழைப்பு வந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கக் கையில் காசில்லை. அந்தக் கிராமத்து வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர், டூட்டிங்கிலிருந்து நாங்கள் ஒரு வான் ஆட்கள். வசந்தி எல்லாருக்கும் கத்திரிக்கோலும் வாளியும் தந்தாள்.

நான் இந்தமுறை வானைவிட்டு இறங்கினேன். ஆனால் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

குலைகள் சின்னச் சின்னது. எங்கள் ஊர்க் குலையில் பாதிகூட இல்லை. பழமும் குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு, மேலே சாம்பல் பூத்தது மாதிரி. ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டேன். பல்லுக் கூசியது.

எல்லாரும் ஆயத்தம். வசந்தி தொடங்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கத்திரிக்கோலை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. பார்க்கவும் இல்லை. தூறல் போட்டது. வெள்ளைக்காரர் மரியாதையாய்க் கையை ஊதிக்கொண்டு நின்றார்கள். என்னவோ சமயக் கிரியை என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவர் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார்.

"அம்மா, எல்லாரும் பார்க்கினம்" என்று சிவம் என் காதுக்குள் சொன்னான்.

"பார்க்கட்டும்."

"மாமி" என்றான் மார்ட்டின், தமிழில். "மழை வருது."

"வரட்டும்."

மனோன்மணிக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, போய் வெட்டுங்கோ! இல்லாட்டி நான் இதில விறைச்சுச் செத்துப்போவன். பேந்து என்ர மனிசன் கஞ்சி வைக்கத் தெரியாமல் உங்கட வீட்டுக்குத்தான் சாப்பிட வரும், மூண்டு நேரமும்!"

கனகசபை, "நான் நல்லாக் கஞ்சி வைப்பன்" என்றார்.

"வாயை மூடுங்கோ."

நான் அந்த வரிசையின் தொங்கலிலிருந்து நடந்தேன். ஈர மண் சப்பாத்தில் ஒட்டியது. எத்தனையோ கண்கள். வாளியடிக்கு வந்து, வசந்திக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "ஏதும் பிழையாப் போனா, பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வெங்காயம் வெட்டி, தேங்காய் திருவி, குளிரில் வெடித்த கை. "இந்தக் கையிலதானே நான் வளர்ந்தனான்" என்றாள். "பிழையாவோ போனன்? என்னைப் பாருங்கோ. நல்லாத்தானே நிக்கிறன்."

நாற்பது வயதை எட்டப்போகிற அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்து, தலைமயிரில் தூறல் மணிமணியாய் நின்றது. கீழ் உதடு உள்ளே இழுபட்டு இருந்தது. பிறந்த அன்றைக்கே தாயைத் தின்றது என்று சனம் சொன்ன பிள்ளை. அதைச் சொன்ன வாய்களுக்கு எல்லாம் அந்த நாளில் நான் கொடுத்த பதிலடி ஊருக்கே தெரியும். அவள் மேல் ஒரு சொல் விழ விட்டேனோ? இல்லை. அவள்மேல் விழ விடாத அதே சொல்லை எனக்கு நானே இத்தனை காலம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கத்திரிக்கோலை எடுத்தேன். மனோன்மணி நட்ட கொடி முதல் கொடி. அதில் கீழே தொங்கின ஒரு குலையைப் பிடித்து, காம்பில் வெட்டினேன். இலேசாய் ஒரு சத்தம். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. தொப்பி கழற்றின கிழவர்தான் முதலில் கை தட்டினார்.

பின்னேரம் பிழிகிற மெஷினடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பழத்தை முழுக் குலையாய்ப் போட்டு, மெத்தெனப் பிழிகிறார்கள். குழாயால் வந்த சாறு இளநீரைவிடக் கொஞ்சம்தான் நிறம். நிறமெல்லாம் தோலில் இருக்கிறதாம். தோலோடு ஊற விடாமல் மெல்லப் பிழிந்தால் உள்ளே இருக்கிறது வெள்ளைதானாம். ஆருக்கும் காது குத்தவில்லை. என் விரல்களில் ஏறின கறை மட்டும் ஒரு கிழமை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தேன்.

6

சாறு வைனாவது வேறு கதை. அதைப் போத்தலில் அடைத்து, உள்ளேயே இன்னொரு தரம் பொங்க விடுகிறார்கள். பிறகு இருட்டறையில் வருடக் கணக்கில் கிடத்துகிறார்கள். கள்ளைப் போத்தலில் அடைத்து அப்படிக் கிடத்தினால் குடித்தவனைத்தான் பிறகு கிடத்தவேண்டும். இது கிடக்கக் கிடக்கத் திறமாகிறதாம். கடைசியில் தலைகீழாய் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி, மண்டி முழுக்கக் கழுத்துக்கு வந்ததும், கழுத்தை மட்டும் விறைக்க வைத்துத் திறப்பார்கள். மண்டி ஒரு கட்டியாய்த் துள்ளி வெளியே போய்விடும். பிறகு தக்கை இறுக்கி, கம்பி கட்டிவிடுவார்கள். இவ்வளவும்தான், ஊரில் நீங்கள் சாராயம் காய்ச்சுகிறது என்று சொன்ன வேலை.

போன ஞாயிறு வசந்தியும் மார்ட்டினும் பிள்ளைகளும் டூட்டிங்குக்கு வந்தார்கள். அந்த முதல் அறுவடையின் முதல் போத்தல். கென்றில் திறக்காமல் இங்கே கொண்டு வந்தாள். சிவம் கோயில் காரியங்களில் நிற்கிறவன். ஓடிப்போய் முன் யன்னல் திரைச்சேலையை இழுத்து மூடினான். மனோன்மணி போய் அதைத் திறந்துவிட்டாள். "களவெடுத்தோ கொண்டந்தது?" என்றாள். கனகசபை எல்லாருக்கும் முந்தியே கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு இருந்தார்.

வசந்தி போத்தலை என் மடியில் வைத்தாள். ஏலாது என்று வாய்வரை வந்தது, பழக்கத்தில். விழுங்கிவிட்டேன். மார்ட்டின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தக்கையை அசைக்காமல் போத்தலைத் திருப்பவேண்டும் என்று காட்டித் தந்தான். திருப்பினேன்.

வெடி என்றால் வெடி. தக்கை மேலே பாய்ந்து மின்குமிழின் மூடியில் பட்டுத் தெறித்து, மருமகள் வைத்த பாயசப் பாத்திரத்துக்குள் விழுந்தது. நுரை பொங்கிப் பொங்கி, என் கை, மடி, சேலை எல்லாம் வழிந்தது. அப்போது மனோன்மணி, பால் காய்ச்சுகிற வீட்டில் கத்துவது போலவே கத்தினாள்:

"பொங்கிட்டுது! பொங்கிட்டுது!"

துளசியும் சேர்ந்து கத்தினாள். வசந்தியின் பிள்ளைகளுக்குத் தமிழ் நாலு சொல்தான் தெரியும். அன்றைக்கு ஐந்தாவது சொல் படித்துக்கொண்டு, அவர்களும் 'பொங்கிட்டுது' என்று துள்ளினார்கள்.

"எந்தப் பக்கமா வழிஞ்சது? அதைப் பாருங்கோ முதல்!" என்றாள் மனோன்மணி. கிழக்கே வழிந்தால்தானே நல்லது.

ஒருவருக்கும் திசை தெரியவில்லை. மார்ட்டின் யோசித்துவிட்டு, "ரெயில் ஸ்ரேசன் பக்கம்" என்றான்.

"அது நல்ல பக்கம்தான்" என்று கனகசபை சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டினார்.

இதே வீட்டில் பால் பொங்கினபோது நான் நடைபாதையில் நின்றவள். இந்தத் தரம் நான் நடுவில் இருந்தேன்; பொங்கினது என் கையில். வசந்தி என் சேலையைத் துடைக்க வந்தாள். "விடு, கறை பிடிக்காது, இது வெள்ளை" என்றேன். அவள் சிரித்தாள். உதடு வெளியேதான் இருந்தது.

நானும் ஒரு வாய் குடித்தேன், சும்மா சொல்லவேண்டாம். பச்சை முந்திரிகையின் புளிப்பு. பிறகு போறணை அடுப்பிலிருந்து எடுத்த பாண் ரொட்டியின் வாசம். நாக்கில் எறும்பு ஊருகிறது மாதிரி. என்னுடைய அவருக்குப் பிடித்திருக்கும். எனக்குத் தேத்தண்ணிதான் திறம்.

ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்லவந்தது இவ்வளவுதான். வசந்தி சாராயம் காய்ச்சவில்லை. அவள் கறுத்த முந்திரிகையிலிருந்து வெள்ளை வைன் எடுக்கிறாள், முதல் குலையை வெட்டினதும் முதல் போத்தலைத் திறந்ததும் நான். ஆராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கோ.

துளசி, எழுதி முடிந்ததோ? தலையில் விட்ட இடம் அப்படியே கிடக்குதுதானே? கொண்டா பேனையை. தாளை ஆடாமல் பிடி.

ஓம். போட்டிட்டன். கோணல்தான், கிடக்கட்டும்.

இப்ப அதிலயிருந்து தொடங்கி எனக்கு வாசி பிள்ளை, ஆறுதலா.